கழுவிய சேற்றில் வளர்ந்த மட்டி

12 மார்ச் 2009, வியாழன்

மேரி போனில் கேட்டாள். “எம் பொண்ணு வயித்துல கீற புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதில்ல டீச்சர்?” தெரியாது. அப்படியே சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

காலையிலேயே வெயில். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை நின்றுகொண்டே பயணம். கல்லூரியில், கெமிஸ்ட்ரி வகுப்பில், ஒரே சமன்பாட்டை இரண்டு முறை எழுதினேன். யாரும் சொல்லவில்லை.

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், தலை தெளியட்டும்.

மரக்காணம் பக்கத்துக் குப்பம். படகுகளின் பழைய பெயிண்டைச் சுரண்டிச் சுரண்டி முகத்துவாரத்தில் தள்ளியதால் சேற்றில் ஈயம். நவம்பரில் ஒரு பாத்தி அளவு சேற்றை அள்ளினோம், நானும் மாணவிகள் நாலு பேரும். டிரம்மில் எலுமிச்சை உப்புக் கரைசல் ஊற்றிக் கலக்கி, ஈயம் கரைந்து தெளிந்த நீரை இறுத்துத் தனியே எடுத்துவிட்டு, சேற்றை நல்ல தண்ணீரில் அலசி மறுபடி அதே இடத்தில் போட்டோம். சுற்றிலும் மூங்கில் வேலி. “சேத்துக்கு ரசம் வெக்கறாங்கடி” என்று கரையில் சிரிப்பு.

ஜனவரியில் நானே அள்ளிய மண்ணில் ஈயம் நன்றாகக் குறைந்திருந்தது. மேரி முகத்துவாரத்தில் மட்டிச் சிப்பி பொறுக்கி விற்பவள். பாத்திக்குள் மட்டி விடலாம் என்று அவளிடம் சொன்னது நான். ஒரே ஒரு சோதனையை நம்பி. மாணவி யாராவது இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். அவள் மேல்பக்கத்து ஓடையிலிருந்து பொடி மட்டி கொண்டுவந்து போட்டு வளர்த்தாள்.

நேற்று, மார்ச்சில் எடுத்த மண்ணின் முடிவு வந்தது. கழுவுவதற்கு முன் இருந்ததைவிட ஈயம் அதிகம்.

மேரியின் மகள் ஸ்டெல்லாவுக்கு ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். தவக்காலம், வீட்டில் கறி கிடையாது. சாம்பல் புதனிலிருந்து, இரண்டு வாரமாக, அநேகமாகத் தினமும் பாத்தி மட்டி.

13 மார்ச், வெள்ளி

துறைத்தலைவர்: “ஒரு சாம்பிள் பிசகுறது சகஜம் மேடம். அதை எடுத்துட்டு மீதிய வெச்சு ரிப்போர்ட் குடுத்துடுங்க. மாசக் கடைசிக்குள்ள குடுக்கணும்.”

மீதி என்பது ஜனவரி ஒன்றுதான். சொன்னேன். பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

மதியம் அரை நாள் லீவு. ஸ்டெல்லாவைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ரத்தம் எடுக்க வைத்தேன். வெளியூர் ஆய்வகத்துக்குப் போய் வர வேண்டுமாம், ஒரு வாரம். மேரியும் கூட வந்தாள், என்னோடு பேசவில்லை. ஸ்டெல்லாதான் பேசினாள். “ரத்தம் எடுக்கறவருக்குக் கை நடுங்குது. மொதல்ல அவருக்கு ஒரு டெஸ்ட் எடுங்க டீச்சர்.” சிரிக்க வரவில்லை.

கேஸ் புக் பண்ண மறந்தாயிற்று.

15 மார்ச், ஞாயிறு

பூசை முடியும் நேரம் பார்த்துக் குப்பத்துக்குப் போனேன். ஞாயிறு கடலுக்குப் போக மாட்டார்கள். மார்ச் மண்ணை எடுத்தது நான் இல்லை. எனக்குப் பரீட்சை டியூட்டி. மேரியின் தம்பி தேவசகாயத்திடம் பிளாஸ்டிக் குழாயும் பாட்டில்களும் கொடுத்து அனுப்பியிருந்தேன். எப்படி எடுத்தீர்கள், காட்டுங்கள் என்றேன்.

வலைக்கொட்டகையிலிருந்து குழாயைக் கொண்டுவந்தார். வாய்ப்பக்கம், உள்ளே, நைலான் நரம்பில் கட்டிய இரண்டு குண்டு.

“இது என்ன?”

“ஈயக்குண்டு டீச்சர். அன்னிக்கி கழுத்தளவு தண்ணி. நீங்க குடுத்த குழா மெதந்துக்கினே கீது. அழுத்த அழுத்த எழும்பிக்கினு வருது. ஒரே பேஜாரு. வலையிலேர்ந்து ரெண்டு குண்ட அறுத்து உள்ள கட்டிக்கினேன். சும்மா ஜல்தியா எறங்கிச்சி.” முகத்தில் பெருமை.

மேரி முதல்முறையாக வாயைத் திறந்தாள். “ஈயம் கீதான்னு பாக்கறவங்களுக்கு ஈயத்தையே கட்டிக் குடுத்தியா? உன் மண்டைக்குள்ள இன்னாடா கீது?”

“எனுக்கு இன்னாக்கா தெரியும்? மண்ணு வேணும்னாங்க, குடுத்தேன். எதுக்குன்னு அவங்க சொன்னாங்களா?”

சொல்லவில்லை. குழாய், பாட்டில், லேபிள், பெயர் எழுதப் பேனா எல்லாம் கொடுத்தேன். எதைத் தேடுகிறோம் என்று சொல்லவில்லை. அவருக்கு எதற்கு என்று நினைத்திருக்கிறேன்.

குண்டுகளில் மணல் உரசிய புதுக் கீறல், பளபளவென்று. உரசிய ஈயம் அந்த மண்ணில் கலந்திருக்க வேண்டும். ஆனால் மார்ச் முடிவு தப்பு என்பதால் சேறு நல்லது என்று ஆகிவிடாது. நீர் வற்றும்வரை காத்திருந்து நானே இறங்கினேன். பிளாஸ்டிக் கரண்டி. ஆறு இடத்தில் மண், ஒரு பை மட்டி. முழங்காலுக்கு மேல் புடவை சேறு.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர்: “இன்னாம்மா, மீன் கூடையா? பின்னாடி போங்க.” போனேன்.

16 மார்ச், திங்கள்

புதுச்சேரி ஆய்வகத்தில் கொடுத்தது: மண் 6, மட்டி 1, குழாய் கழுவிய நீர் 1. வெள்ளிக்கிழமை என்றார்கள்.

வாங்க வேண்டியது: புளி, துணி சோப்பு, கண்ணாடிக்கு ஸ்க்ரூ.

18 மார்ச், புதன்

மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. விடைத்தாள் கட்டு பிரிக்கவே இல்லை.

வீட்டுக்காரர் மல்லாட்டை வாங்கி வந்தார், அவித்தது. கடலையை உரித்து உரித்து வைத்தேன், சாப்பிடவில்லை போலிருக்கிறது. “யாருக்காச்சும் உடம்பு சரியில்லயா?” என்றார். தெரியலைங்க என்றேன்.

20 மார்ச், வெள்ளி

ஆறு மண்ணிலும் ஈயம் குறைவு. ஜனவரியில் இருந்த அளவுதான், ஒன்றில் அதற்கும் கீழே. மட்டியிலும் பயப்பட ஒன்றுமில்லை. குழாய் கழுவிய நீரில் ஈயமோ ஈயம். தாளை மூன்று முறை படித்தேன். ஆய்வக வாசலில் நின்று ஒரு டீ குடித்தேன், பிறகு இன்னொன்று.

அப்படியென்றால் கழுவியது வேலை செய்திருக்கிறது. ஒரு பாத்தி அளவுக்கு. முகத்துவாரம் முழுக்க இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

மேரிக்குப் போன். மண் சரி, மட்டி சரி, ரத்தம் நாளைக்கு என்றேன். “அப்ப நாளைக்கே பேசுங்க.” வைத்துவிட்டாள். நியாயம்.

துறைத்தலைவரிடம் மார்ச் முடிவையும் காரணத்தோடு சேர்ப்பேன் என்றேன். “வலைக்குண்டுன்னா எழுதுவீங்க?” ஆமாம். குண்டு கட்டியவருக்கு நான் எதுவும் சொல்லாததையும்.

21 மார்ச், சனி

நடந்தது இது. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, “ஈயம் ஒண்ணும் பயப்படற மாதிரி இல்ல. இரும்புச்சத்துதான் கம்மி. கேப்பை சாப்பிடும்மா. அடுத்தது யாரு?” அரை நிமிடம்கூட ஆகவில்லை. மேரி நாற்காலியை விட்டு எழவில்லை. டாக்டரை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னார்.

வெளியே வந்து, “இனிமே தெரியலன்னா மொதல்லயே தெரியலன்னு சொல்லுங்க டீச்சர்” என்றாள். ஜனவரியில் மட்டி விடலாம் என்றதைத்தான் சொல்கிறாள். சரி என்றேன்.

மரக்காணம் பஸ். ஸ்டெல்லாவுக்கு ஜன்னல் சீட். கோட்டக்குப்பம் தாண்டியதும் ஒரு வாந்தி, அப்புறம் இன்னொன்று. நெற்றியை மேரியும் முதுகை நானும் பிடித்துக்கொண்டோம். மேரி டிரைவரைத் திட்டினாள், ரோட்டைத் திட்டினாள், காலையில் ஆஸ்பத்திரி வாசலில் வாங்கிய வடையைத் திட்டினாள். மட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.