சிவப்புப் பொட்டு வைத்த குழாய்

அன்புள்ள அக்கா,

இன்று காலை உங்களுடைய ஜாம் போத்தலைக் கழுவினேன். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் பெற்றோல் வாசம் போகவில்லை. நடுவில் நீங்கள் நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸால் போட்ட சிவப்புக் கோடும் அழியவில்லை.

பெற்றோலுக்குத் தட்டுப்பாடான நாட்களில் எவரோ தந்த ஒரு கேனை நான் பெருமையோடு தூக்கி வந்தது ஞாபகம் இருக்கிறதா? உங்கள் பழைய மொரிஸ் மைனர் காருக்கு அதை ஊற்ற நீங்கள் விடவில்லை. போத்தலில் சிவப்புக் கோடு வரை தண்ணீர் விட்டு, மேலே பெற்றோலை ஊற்றிக் குலுக்கி வைத்தீர்கள். கொஞ்ச நேரத்தில் அடியில் நின்ற தண்ணீர் கோட்டைத் தாண்டி ஒரு விரலளவு ஏறியிருந்தது.

"பாவி, தண்ணி கலந்திருக்கான்" என்றேன்.

"தண்ணின்னா கேன்லேயே அடியில தெரிஞ்சிருக்கும்டா. இது ஸ்பிரிட். பெற்றோலோட ஒண்ணா வந்துச்சு, தண்ணியக் கண்டதும் அதுகூடப் போயிருச்சு. மேட்ச் இருந்தா நீ வீட்ட மறக்கிற மாதிரி."

முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவர் அல்லவா! ஸ்பிரிட் பழைய ரப்பரைத் தின்னும், ஈரத்தை இழுத்து டாங்கியைத் துருப்பிடிக்க வைக்கும் என்று விளக்கினீர்கள். வேறு யாராக இருந்தாலும் காலத்தைத் திட்டிவிட்டுக் காரை விற்றிருப்பார்கள். நீங்களோ, "நாளைக்குப் பெற்றோல் ஷெட்டுலயே இப்படித்தான் வரும். நம்மதான் தயாரா இருக்கணும்" என்று ஸ்பிரிட் தாங்கும் புதுப் பெற்றோல் குழாய்கள் வாங்கி வந்தீர்கள். மூட்டு வலியோடு குனிந்து ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றியதற்கு அடையாளமாகச் சிவப்புப் பொட்டு வைத்தீர்கள். உங்களைப் போல ஒரு மனுஷியை நான் கண்டதில்லை.

டாங்கிக்கு அடியில் இருந்த ஒரு சாண் குழாய்தான் மிச்சம். "கீழ படுக்க என்னால ஏலாது. இத நீ மாத்திடு" என்று என் கையில் தந்தீர்கள். அன்று பல்லேகலவில் கிரிக்கெட் மேட்ச், டிக்கட் என் சட்டைப்பையில். பொழுதுபட வந்து, "மாத்தியாச்சு அக்கா" என்றேன்.

மாற்றவில்லை.

நாளைக்குச் செய்யலாம் என்றிருந்தேன். பிறகு சொல்ல வெட்கம். சனிக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வத்தேகமவுக்கு நீங்கள் அந்தக் காரில் போகும்போதெல்லாம் நான் வாசலில் நின்று பார்ப்பேன். குழாய் கசிந்து தீப்பிடித்தால்? நீங்கள் திரும்பி வந்து ஹோர்ன் அடிக்கும் வரை என்னால் உட்கார முடியாது. நாளைக்குச் சொல்லலாம் என்றே தள்ளிப்போட்டேன். போன வருடம் நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

நேற்று கட்டுகஸ்தோட்டையில் நம் காரைத் திருத்தும் கராஜ் பாஸைப் பார்த்தேன். "இனி பெற்றோல்ல எதனோல் ஸ்பிரிட் கலப்பாங்களாம் சேர். டாங்கிக்குக் கீழ உள்ள குழாயும் மாத்தினதுதானே?" என்றார்.

"மாத்தினதுதான்" என்றேன். மறுபடியும் அதே பொய். இரவு முழுக்கத் தூக்கமில்லை.

அதனால்தான் இன்று, இனி வரும் பெற்றோலைச் சோதிக்கப் போத்தலைக் கழுவி வைத்துவிட்டு, பழைய பாயை விரித்துக் காருக்கு அடியில் படுத்தேன். உக்கிப்போன குழாயைத்தான் எதிர்பார்த்து டோர்ச் அடித்தேன். அங்கே இருந்தது புதுக்குழாய். அதில் சிவப்புப் பொட்டு, கொஞ்சம் கோணலாக.

அந்த மூட்டோடு எப்படிப் படுத்தீர்கள் அக்கா? எப்படி எழுந்தீர்கள்? என் பொய்யைக் கண்டுபிடித்த பிறகும் எப்படி முகம் மாறாமல் எனக்குச் சோறு போட்டீர்கள்? வெகுநேரம் அங்கேயே படுத்துக் கிடந்து அழுதேன்.

நீங்கள் வேறொன்று வாங்கி மாட்டியிருக்கிறீர்கள்; எனக்குத் தந்த குழாய் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அடுத்த முறை அதை நான்தான் மாட்டுவேன். அதற்குப் பொட்டு வைக்க உங்கள் கியூட்டெக்ஸைத் தேடினால், அது காய்ந்துவிட்டது. பின்னேரம் ஃபேன்சி கடைக்குப் போய், அதே சிவப்பில் ஒன்று வாங்கினேன். "யாருக்கு அங்கிள்?" என்று கடைப்பிள்ளை சிரித்தாள்.

"எனக்குத்தான்" என்றேன். அது பொய்யில்லை.

உங்கள் தம்பி