மணி அடிக்காத காலை

பாய்,

அலமாரியை ஒழிக்கும்போது நம் காற்று புரோகிராமைத் துளையிட்டு வைத்திருந்த காகித நாடா கையில் வந்தது. மஞ்சளேறிச் சுருண்டு கிடக்கிறது. எண்ணெய் வாசம் மட்டும் போகவில்லை. குப்பையில் போட மனசு வராமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளில், சதுரங்கப்பட்டினம் கடற்கரை வானிலை அலுவலகத்தில், அந்த ஒற்றைக் கம்ப்யூட்டரோடு நாம் இருவரும் பட்ட பாடு கொஞ்சமா? மற்ற வேலைகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கடலுக்குள் கம்பத்தில் இருந்த கருவியிடம் அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காற்றின் வேகத்தைக் கேட்க வேண்டும். அளவு மீறினால் மணி அடிக்கும். படகுகளுக்குச் சிவப்புக் கொடி ஏறும். அந்தப் புரோகிராமை எழுதியவன் நான். காற்றை அளந்து முடித்தபின், கடைசி வரியில், பத்து நிமிடம் கழித்து மறுபடி எழுந்திரு என்று அது தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொள்ளும்.

நீ படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "அந்தக் கடேசி வரிய மேல தூக்கிப் போடு மச்சான். வேல நடுவுல படுத்துக்கினா எவன் எழுப்புவான்?"

"நல்லாதான ஓடிக்கினு கீது பாய், நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். எழுதியவனுக்குத் தெரியாததா என்ற திமிர். அந்த நாளை வரவே இல்லை.

உன் விடுப்பு நாளன்று காலையில் தூண்டிலோடு வாசலில் வந்து நின்றாய். மீனவ நண்பரின் படகு காத்திருந்தது.

"இன்னா மச்சான், மணி அட்சிதா?"

"இல்ல பாய். போய்ட்டு வா."

மழைக்கணக்கு அச்சாகிக்கொண்டிருந்தது. நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

பதினோரு மணிக்குக் காற்று சன்னல் கதவைப் பெயர்த்தபோதுதான் உறைத்தது. விடிந்ததும் கருவி ஒரே ஒருமுறை எண் எதுவும் தராமல் இருந்திருக்கிறது. புரோகிராம் அதிலேயே தடுக்கி நின்றுவிட்டது. கடைசி வரிக்கு அது போகவில்லை, அதனால் மறுபடி எழவும் இல்லை. காற்றின் வேகத்தைக் கருவி தானே கோடாகக் கீறிவைக்கும் வரைதாளைப் பிறகு பார்த்தேன். நீ வாசலில் நின்று கேட்டபோதே கடலுக்குள் காற்று அளவைத் தாண்டியிருந்தது. படகில் போன நீங்கள் இருவரும் திரும்பவில்லை.

பிறகு அந்த வரியை மேலே ஏற்ற இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. விசாரணையில் கருவிக் கோளாறு என்று எழுதிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பயம், பாய். வேறொன்றுமில்லை.

பெருநாளுக்குப் பெருநாள் உன் வீட்டிலிருந்து பிரியாணி வருகிறது. "அவுரு இருந்தா உங்களுக்குத்தான் அண்ணே மொதல்ல குடுப்பாரு" என்கிறார் உன் மனைவி. ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுக்கிறேன். இந்த வருடமும் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தேன்.