வராதவன் பங்கு

26-4-1993
நோட்டில் இது பதினோராம் பக்கம். தினம் இரண்டு வரி எழுதினால் கை பழகும் என்று அறிவொளி வகுப்பில் பாடம் சொல்லித்தரும் வரலட்சுமி சொன்னாள். எழுதுகிறேன். அறுபத்தெட்டு வயதில் என் பேரை நானே எழுதிப் பார்ப்பது இன்னும் அலுக்கவில்லை. வேம்புலி. வேம்புலி.

பேத்தி லோகநாயகிக்கு இன்று முதல் லீவு. பஞ்சவர்ணம் டீச்சர் என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார். "கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் நல்லா போடுறா. வகுத்தல்தான் ஒண்ணுகூட வரல. லீவுல தெரிஞ்சதையும் மறந்துட்டு வருவாங்க. ஸ்கூல் தொறக்கிற அன்னிக்குப் பத்து வகுத்தல் குடுப்பேன். அதுல ஏழாச்சும் சரியா இருக்கணும் பெரியவரே. இல்லன்னா மறுபடியும் மூணாவதுதான்."

ஜூன் ஏழாம் தேதி பள்ளி திறக்கிறது.

27-4-1993
மருமகள் நாகவல்லியிடம் சொன்னேன். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி கம்பெனிக்குப் போகிறாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா, ஜூனில் தன் மகள் வீட்டோடு போய்விடப்போகிறாளாம்.

"மூணாவதையே ரெண்டு வாட்டி படிக்கிறதுன்னா இன்னாத்துக்கு மாமா இஸ்கோலு? ஊட்ல இருந்து தம்பிய பாத்துகினு இருக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. சோறு வடித்துக்கொண்டே சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

29-4-1993
ஆவடி ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் நான்தான் சீட்டுக் கிழிப்பவன். லோகு இன்று தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சிலேட்டோடு வந்தாள். வரிசைக்கு ஒன்பது சைக்கிள், ஆறு வரிசை. நான் எண்ண விரலை எடுப்பதற்குள் ஐம்பத்து நாலு என்றாள். இவ்வளவு கெட்டிக்காரிக்கு வகுத்தல் மட்டும் ஏன் வரவில்லை?

30-4-1993
நாள் முழுக்க யோசித்தேன். தெரியவில்லை.

3-5-1993
அவள் கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டு மாம்பழம், மூன்று பேர். வட்டம் வட்டமாகப் போட்டாள். ஒவ்வொரு வட்டத்திலும் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். ஆளுக்கு மூன்று என்றாள். எனக்கும் சரியாகத்தான் பட்டது. அப்படியானால் டீச்சர் ஏன் தப்பு என்கிறார்?

6-5-1993
எங்கள் அறிவொளிப் புத்தகத்திலும் வகுத்தல் வந்துவிட்டது. நாற்பத்திரண்டு செங்கல், ஆறு ஆள், ஆளுக்கு எத்தனை? ஆறு என்று எழுதினேன். வரலட்சுமி தப்புப் போட்டாள். ஏழாம்.

பக்கத்தில் இருந்த வீராசாமி விடவில்லை. "இன்னா அண்ணாத்தே, பாக்கி செங்கல்ல நீ ஊடு கட்டிகினியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பாக்கி ஆறு செங்கல் எங்கே போயிற்று? எடுத்தது நான்தானே. யாருக்கு எடுத்தேன்?

7-5-1993
கண்டுபிடித்துவிட்டேன். காலையில் சிலேட்டைப் பார்த்ததும் புரிந்தது. மூன்று பேருக்கு நான்கு வட்டம்.

"இது யாருது?"

"வராதவருது தாத்தா."

என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. அரிசி மண்டியில் மூட்டை இறக்கிய காலத்தில், கீழே சிந்தும் அரிசியைக் கூட்டி எடுத்து நாங்களே பங்கு போட்டுக்கொள்வோம். ஆறு பேர் வேலை செய்தால் ஏழு பங்கு. ஒரு பங்கு, அன்று உடம்புக்கு முடியாமல் வராதவனுக்கு. நாளைக்கு அது நானாகவும் இருக்கலாம். முப்பது வருஷம் அப்படித்தான். இன்றைக்கும் வீட்டில் எது பிரித்தாலும் ஒரு பங்கு கூடப் போடுகிறேன். பின் தெருவில் காலொடிந்து கிடக்கும் என் கூட்டாளி துலுக்கானத்துக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவளே லோகுதான். அவள் பிறந்ததிலிருந்து பார்க்கும் வகுத்தல் இதுதான்.

நியாயமாக எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு என்னவோ தெருவெல்லாம் ஓடிச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

8-5-1993
லோகுவிடம் சொன்ன பிறகுதான் கஷ்டம். கணக்கில் வந்தவர்களுக்கு மட்டும்தான் பங்கு என்றேன்.

"அப்ப துலுக்கான தாத்தாக்கு ஒண்ணும் கெடையாதா?"

"கணக்குல கெடையாது."

"அப்ப அது கெட்ட கணக்கு."

சிலேட்டைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

9-5-1993
போடவில்லை.

11-5-1993
இன்றும் போடவில்லை. கெஞ்சிப் பார்த்தேன். வரலட்சுமியும் சொல்லிப் பார்த்தாள். நாகவல்லி பார்த்துக்கொண்டே இருந்தாள். லோகு கேட்டது தப்பா? இல்லையே.

14-5-1993
துலுக்கானத்துக்கு நுங்கு கொடுத்துவிட்டு லோகு ஸ்டாண்டுக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"தாத்தா, தாத்தா. துலுக்கான தாத்தாகிட்ட கேட்டேன். அது சொல்லுது, கணக்கு எழுதுனவங்க மூணு பேருன்னு சொன்னா, வராதவரையும் சேத்து எண்ணிட்டுதான் மூணுன்னு சொல்லிக்கீறாங்களாம். நாம திரும்பி எண்ணுனா அவருக்கு ரெண்டு பங்கு பூடும்."

"அப்பிடியா சொன்னான்?"

"ஆமா. ரெண்டு பங்கு வாங்குறது திருட்டுதானே தாத்தா?"

"திருட்டுதான்."

அங்கேயே உட்கார்ந்து பதினெட்டை மூன்றால் வகுத்தாள். மூன்றே வட்டம். ஆறு. சைக்கிள் எடுக்க வந்தவர்களை இரண்டு நிமிஷம் நிற்க வைத்துவிட்டேன். படுத்துக்கொண்டே யோசித்திருக்கிறான் துலுக்கானம். எனக்குத் தோன்றவில்லை பார்.

24-5-1993
தினம் ஐந்து கணக்கு. காலையில் கூட்டம் குறைந்ததும் போடுகிறோம். அவள் எனக்கு ஐந்து கொடுக்கிறாள், நான் அவளுக்கு ஐந்து. நேற்று அவளுக்கு ஐந்தும் சரி. எனக்கு மூன்று.

"மீதிய மறந்துட்ட தாத்தா."

இந்த மீதி என்பது வினோதமான விஷயம். பங்கு போட்டு முடித்த பிறகும் யாருக்கும் சேராமல் ஒன்று நிற்கிறது. மண்டியில் மீதியே வராது. வந்தால் குருவிக்குப் போடுவோம்.

3-6-1993
கன்னியம்மா சாமான் கட்டிவிட்டாள். பள்ளி திறக்க இன்னும் நான்கு நாள்.

7-6-1993
லோகு பள்ளிக்குப் போனாள். ஸ்டாண்டில் ஒரே சீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டேன். சண்டை. சாயங்காலம் லோகு வந்து, எத்தனை சரி என்று டீச்சர் நாளைக்குத்தான் சொல்வார் என்றாள். நாளைக்கா?

8-6-1993
பத்துக்கு ஒன்பது.

ஒன்றில் அவசரத்தில் கழித்தது தப்பாம். அதைப் பற்றித்தான் அழுதுகொண்டே வந்தாள். ஒன்பது சரி என்பது அவளுக்குக் கணக்கிலேயே இல்லை.

10-6-1993
நாகவல்லி கம்பெனியிலிருந்து வந்து முகம்கூடக் கழுவவில்லை. பையிலிருந்து நான்கு நோட்டும் பழுப்புக் காகிதமும் எடுத்தாள். அட்டை போட்டாள்.

"தம்பிய ஸ்டாண்டுல வச்சிப்பீங்களா மாமா?"

"வச்சிக்கிறேன்."

"வெயில்ல உடாதீங்க."

அப்புறம் நோட்டை என் பக்கம் தள்ளினாள். "எனக்கு எழுத்து வராது. பேர நீங்களே எழுதுங்க."

நான்கு நோட்டுக்கும் அரை மணி நேரம் ஆயிற்று. மை காயும்வரை யாரையும் தொட விடவில்லை. லோகநாயகி, நான்காம் வகுப்பு.