செவ்வாயில் வெளுத்த மஞ்சள்

செவ்வாய்த் தளம். எழுதுபவர்: ரெஜினா, பெயிண்ட் வேதியியலாளர்.

நாள் 212, காலை
வழக்கமான சோதனை. பாதையோரக் கம்பங்களின் மஞ்சள் இன்னும் வெளிறியிருக்கிறது. இது அசோ வகைச் செயற்கை நிறமி. பளிச்சென்று இருக்கும், மலிவு, அமிலத்துக்கும் அசையாது. ஆனால் இங்கே செய்ததுபோல வெள்ளை கலந்து இளம் மஞ்சளாக்கினால் புற ஊதாக் கதிரில் நிற்காது. மஞ்சள் செத்து வெள்ளை மட்டும் மிஞ்சும். வெயிலில் வெளுக்காத பிஸ்மத் மஞ்சள் வாங்குங்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "கம்பத்துக்கு எதுக்கு மேடம் இவ்வளவு அலங்காரம்?" என்றார்கள் பூமியில். பெயிண்ட் என்றால் அவர்களுக்குப் பொங்கலுக்குச் சுவரில் அடிப்பது, அவ்வளவுதான்.

இங்கே மஞ்சள் என்றால் பாதை. வெள்ளை என்றால் பள்ளத்தின் விளிம்பு, கிட்டே போகாதே.

நாள் 219, மாலை
பூமியிலிருந்து பதில்: "நீங்க அனுப்பின படத்துல மஞ்சள் பளிச்சுன்னுதான் இருக்கு. வீணா பயப்படாதீங்க."

இருக்காதா பின்னே! அந்தக் கம்பம் மஞ்சள் என்று வைத்துக்கொண்டுதான் கேமரா மற்ற நிறங்களையே சரிசெய்கிறது. அது எவ்வளவு வெளுத்தாலும் படத்தில் மஞ்சளாகத்தான் வரும். இதையும் எழுதி அனுப்பினேன்.

நாள் 226, 15.40
தூசிப் புயல். என்னோடு இங்கிருக்கும் ஒரே மனிதன், வண்டியோட்டி இசக்கிமுத்து, வெளியே மாட்டிக்கொண்டான். வழிகாட்டிக் கருவி வேலை செய்யவில்லை, ரேடியோ மட்டும் கேட்கிறது. வண்டியில் மூச்சுக்காற்று ஒரு மணி நேரத்துக்குத்தான் வரும்.

"அக்கா, மஞ்சளையே காணும். எல்லாம் வெள்ளையா நிக்குது. வெள்ளைன்னா பள்ளம்லா? திரும்பிரவா?"

திரும்பினால் மூச்சு முட்டிச் செத்துப்போவான். அது வெளுத்த மஞ்சள்தான், அதையே பிடித்துக்கொண்டு வா என்றேன்.

16.25
கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். இசக்கி, பேசுடா.

புயல் அடங்கியபின்
வண்டி பள்ளத்துக்குள் கிடக்கிறது. அவன் போய்விட்டான். பாதி தூரம் அவன் பிடித்து வந்தது வெளுத்த மஞ்சள். அதற்கப்புறம் நிஜ வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் நின்று பார்த்தேன். பெயிண்டிலேயே பிழைப்பு நடத்தும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

நாள் 227
பூமி: "படம் பார்த்தோம். கம்பமெல்லாம் நல்ல மஞ்சள். ஓட்டுநர் கவனக்குறைவுன்னு பதிவு பண்ணிடுங்க."

பண்ண மாட்டேன். இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் சரி, கேளுங்கள். அவன் கவனமாகத்தான் வந்தான். விளிம்புக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான். நிறுத்திவிட்டு என்னைக் கேட்டான்: "நிச்சயமா இந்த வெள்ளைதானக்கா?"

நிச்சயம் என்றேன்.