பதினொரு மணிக்கு நிற்கும் நம்பர்

உங்கள் மேசை இழுப்பறையைக் காலி செய்யச் சொன்னார்கள் மேடம். திறந்ததும் கிராம்பு வாசனை. இருமலுக்கு நீங்கள் வாயில் அடக்கிக்கொள்ளும் கிராம்பு. நீங்கள் கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது, வாசனை இன்னும் போகவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். ஆழ்வார்பேட்டை ஆபீசில் டீ கொடுத்து, மீட்டிங் ரூம் சாவியைப் பார்த்துக்கொள்கிறவன் உங்களுக்கு மடல் எழுதுவதா என்று அவளுக்குச் சிரிப்பு.

வேலையில் சிக்கல் விழுந்தால் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைப்பீர்கள். "நைனா, உங்ககிட்ட வாய்விட்டுச் சொன்னாத்தான் நேக்கே புரியறது" என்பீர்கள். பெரியவரை நைனா என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அது மயிலாப்பூர் வாயில் வரும்போது எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அந்த டயாலிசிஸ் சென்டர் புரோகிராம் படுத்தின பாடு நினைவிருக்கிறதா? உள்ளே நாற்காலி காலியானால், வெளியே காத்திருப்பவரின் போனில் நம்பர் மாறவேண்டும். தினமும் பதினொரு மணிக்கு நம்பர் அப்படியே நின்றுவிடும்.

"சாதாரணமா போன் கேள்வி கேக்கும், சர்வர் பதில் சொல்லும், முடிஞ்சுது. இந்த வெப்சாக்கெட் அப்படியில்லை நைனா. திறந்த தொடர்பு சாயங்காலம் வரைக்கும் திறந்தே இருக்கும்."

டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன் என்றும் ஒன்று சொன்னீர்கள். "உள்ள வர்றவன் தேடிண்டு அலையாம, வேண்டியதை வாசல்லயே கையில குடுத்து அனுப்பறது. நீங்க மீட்டிங் ரூம் சாவி குடுக்கறேளே, அதேதான். நான் ஒவ்வொருத்தர் தொடர்புக்கும் டேட்டாபேஸுக்குப் போற வழியைக் குடுத்தனுப்பறேன்."

"மொத்தம் எத்தினி சாவி மேடம்?"

"இருபது."

"சாவி வாங்கினவன் சாய்ங்காலம் வரிக்கும் மடியில கட்டிக்கினு குந்திக்கினு இருந்தா, இருபத்தொண்ணாவது ஆளு எப்டி உள்ள போவான்?"

நீங்கள் கிராம்பை மெல்வதை நிறுத்தினீர்கள். "மண்டு, மண்டு! பதினொரு மணிக்குத்தானே இருபது பேரைத் தாண்டறது" என்று உங்கள் தலையிலேயே குட்டிக்கொண்டீர்கள். தொடர்பின் கையில் சாவியே கொடுக்காமல், நம்பர் மாறும்போது மட்டும் எடுத்து, உடனே திருப்பி மாட்டும்படி அன்றே மாற்றினீர்கள். பிறகு நம்பர் நின்றதே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு நீங்கள் போட்டுக் கொடுத்த டீ, கழனித்தண்ணி மாதிரி இருந்தது.

இப்போது உங்கள் இடத்துக்கு வந்த தம்பி போன மாதம், "பழசெல்லாம் கிளீன் பண்ணியாச்சு. எல்லாத்தையும் வாசல்லயே இன்ஜெக்ட் பண்ணிட்டோம், நீட்டா இருக்கு" என்று எல்லோரிடமும் சொன்னான். மறுநாளே பதினொரு மணிக்கு நம்பர் நின்றது. தினமும் சர்வரை அணைத்துப் போட்டு ஓட்டுகிறார்கள். அங்கே ரத்தம் சுத்தம் செய்ய வந்தவர்கள் தங்கள் முறை எப்போதென்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நேற்று சென்டர்காரர் போனில் கத்தினார். தம்பி பொறுமையாகச் சொன்னான்: "முன்ன இருந்த மேடம் எழுதினதுல தப்பு சார்."

டீ தட்டை மேசையில் வைத்தேன்.

"தம்பி, அது மேடம் தப்பு இல்ல. தொறந்து கெடக்கிற தொடர்பு கையில நீங்கதான் சாவியக் குட்த்துட்டீங்கோ. மேடம் அத்த எப்பவோ எட்த்துட்டாங்கோ."

"இன்னா தாத்தா, கோடு செக் பண்ண வந்துட்டியா?" என்று பக்கத்தில் ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். தம்பி கெட்டவன் இல்லை மேடம். நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டான். "வாங்க தாத்தா. எந்த இடம்னு காட்டுங்க, மாத்திடறேன்."

போய் நின்றேன். திரை முழுக்க எறும்பு ஊர்ந்தது. நீங்கள் பேசிய நாளெல்லாம் நான் திரைக்கு அந்தப் பக்கம்தானே உட்கார்ந்திருந்தேன்? உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை. தம்பி காத்திருந்தான். ஏதோ ஓர் இடத்தில் விரலை வைத்தேன்.

"அது நம்ம கம்பெனி பேரு தாத்தா."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

நீங்கள் சொன்னது ஒரு சொல் விடாமல் என்னிடம் இருக்கிறது மேடம். யாருக்கு வேண்டும் அது? நாளைக்கும் நம்பர் நிற்கும், போன் வரும், உங்களைச் சொல்வார்கள். நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.