தற்செயலாகப் பார்த்த கோர்ட்டுப் படம்

வெள்ளி, யூன் 12

விடியவே மழை. குடை ஒஃபிசில். கரை நனைந்த சேலையோடு புதுக்கடைக் கோர்ட்டுக்கு.

கொட்டாஞ்சேனை சலூன்காரரின் வழக்கு திரும்பவும் தவணை, தள்ளிவைத்தாச்சு. மனுசன் காலையிலிருந்தே வாங்கில் குந்தியபடி காத்திருந்தார். என் சீனியர் ஆடி அசைந்து வந்து என் காதில், "இவர் ஆர்?" இரண்டு வருடமாக அவருடைய கட்சிக்காரர்! தூ.

வீட்டில் அம்மா சிரித்த முகம். ஆபத்து.

"ஞாயிறு படத்துக்குப் போறம் பிள்ளை. கேதீஸ் ஆக்களும் தற்செயலா வருவினம்."

தற்செயலாக வருகிறவர்களுக்கும் சேர்த்து அம்மாதான் டிக்கட் எடுத்திருக்கிறா. மாப்பிள்ளை கேதீஸ்: ஹெவ்லொக் டவுன், எஞ்சினியர், போட்டோவில் மீசை மட்டும்தான் தெரிகிறது.

"அண்டைக்கே மறுமொழி சொல்லவேணும். இதுக்கும் மாட்டன் எண்டால், இனி நான் ஆரிட்டையும் போய்க் கேக்கமாட்டன்."

இப்போதே தெரியும். மாட்டேன்.

சனி 13

புதுச் சட்டை தைத்து வந்தது. கை இறுக்கம். திருப்பிக் கொடுக்கவேண்டும்.

கோர்ட்டுப் படமாம். ஒரே சிரிப்பாம், கொஞ்சம் காதலாம். "உனக்கெண்டே எடுத்த படம்" என்கிறா அம்மா. கிழமை முழுக்கச் சமைக்கிறவளை ஞாயிறு கூட்டிப்போய் அடுப்படியைக் காட்டுகிற மாதிரி.

ஞாயிறு 14

நல்ல வெயில். வெள்ளவத்தைத் தியேட்டர் வாசலில் அம்மா: "அட, நீங்களும் வந்தனீங்களோ!"

கேதீஸின் அம்மா: "ஓமோம், சும்மா வந்தனாங்கள்."

இரண்டு பேரும் காஞ்சிபுரச் சேலையில். படத்தில்கூட ஒருவரும் இப்படி நடிக்கவில்லை.

படம் கேவலம். வாழைப்பழம் விற்கிற ஒருவர்மேல் களவு வழக்கு. அவருக்காக வாதாட நாயகி, எதிர்ப்பக்கம் நாயகன். கத்துகிறார்கள், மேசையில் அடிக்கிறார்கள், நீதவான் கண்ணடிக்கிறார். எங்கள் நீதவான் முன்னால் இருமினாலே முறைப்பு. சாட்சிக்கூட்டில் ஏறி ஒரு பாட்டு வேறு. இடைவேளைக்குப் பிறகு வழக்கே இல்லை, மலை உச்சியில் கட்டிப்பிடிப்பு. கடைசியில் நாயகி கறுப்பு அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு நாயகனோடு ஓட்டம். தியேட்டர் முழுக்கக் கைதட்டல். என் அம்மாவும்! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

கேதீஸ்: படம் முழுக்க ஒரு சொல் இல்லை. ரோல்ஸ் தின்கிற சத்தம் மட்டும். மீசையில் தூள். இந்த மரத்தோடு ஆயுள் முழுக்கவா? "மாட்டன்" நாக்கு நுனியில் நின்றது.

வெளியே வர, அம்மாமார் வேண்டுமென்றே பின்தங்கினார்கள். அவர் என் பக்கம் வந்தார். முகத்தில் ஏதோ கவலை.

"குறை நினையாதேங்கோ. நீங்கள் லோயர்தானே, உங்களுக்கு விளங்கியிருக்கும். அந்த வாழைப்பழக்காரரை விட்டவையோ? கடைசிவரைக்கும் காட்டேல்லையே."

அத்தனை சனத்தில் அந்த மனுசனை வேறொருவரும் தேடவில்லை.

"இல்லை" என்றேன். "இன்னும் உள்ளுக்கத்தான்."

"சீ, பாவம்" என்றார். உண்மையாகவே சொன்னார். காலி வீதி வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் செருப்பைக் கழற்றமுதல் அம்மா: "என்னெண்டு சொல்ல?"

"படம் குப்பை" என்றேன். "அவைக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ."