மூன்றாவது கல்

பிப்ரவரி 4
சாப்பாட்டு மேஜையின் இரண்டாவது நாற்காலியைப் பட்டறைக்கு மாற்றுவது என்று இன்று தீர்மானிக்கப்பட்டது. நீண்ட விவாதம். கூட்டத்துக்கு வந்திருந்தவன் நான் ஒருவனே என்பதால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பிப்ரவரி 6
மனைவி இறந்து எட்டு மாதம். மூன்றாம் நாளே நான் உளியைக் கையில் எடுத்துவிட்டேன். "உங்களுக்குக் கல்லுதான்பா எல்லாம்" என்று சொல்லிவிட்டுப் போன மகள் அதன்பின் என் போனை எடுப்பதில்லை. இன்று கடிதம் எழுதினேன்: அம்மாவின் முகத்தைச் செதுக்கப் போகிறேன், வந்து பார். மன்னிப்பு என்ற சொல்லைப் போடவில்லை. ஒரு சொல்லுக்குப் பதில் இரண்டு குவிண்டால் கருங்கல். தாராளமானவன்தான் நான்.

பிப்ரவரி 9
கல் எடுக்கப் போனேன். சுத்தியலால் தட்டினால் நல்ல கல் மணிபோல ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் மழுங்கும். வியாபாரி காட்டிய ஐந்து கற்களையும் தட்டினேன். ஐந்தும் ஒரே மாதிரி முனகின. மலைகளின் தரமும் இறங்கிவிட்டது போலும். நிறம் பார்த்து மூன்றாவதைக் காட்டினேன்.
"எதுக்கும் அத இன்னொரு தடவ தட்டிப் பாருங்க சார்" என்றார் வியாபாரி.
"நாப்பது வருஷமா தட்டுறேன். எனக்கே பாடமா?"
அவர் பில் புத்தகத்தை எடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிப்ரவரி 20
நெற்றி வந்துவிட்டது. யாரோடும் பேசவில்லை.

மார்ச் 2
மூக்கு. கோபத்தில் அவளுக்கு விரியும் இடம். அதை மட்டும் தப்பில்லாமல் நினைவிருக்கிறது.

மார்ச் 8
கதவுக்கு அடியில் ஒரு சீட்டு. மகளின் கையெழுத்து. "வந்தேன். பெல் அடித்தேன், அரை மணி நேரம் கதவைத் தட்டினேன். உள்ளே உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போகிறேன்."
எப்ப வந்தா? நான் இங்கதானே இருந்தேன்? யாருமே தட்டலையே — பொய் சொல்ற பொண்ணு இல்லையே அவ.

மார்ச் 11
இடது கன்னம் பிளந்துவிட்டது. கண்ணோரத்திலிருந்து தாடை வரை. லேசான அடிதான்.

மார்ச் 12
வியாபாரி வந்து பார்த்தார்.
"அன்னிக்கே தொண்ட கட்டின மாதிரி சத்தம் வந்துச்சே சார். கேக்கலயா உங்களுக்கு?"
கேட்கவில்லை என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

மார்ச் 14
காது டாக்டர். நாற்பது வருடச் சுத்தியல் சத்தம் தன் வேலையைக் காட்டிவிட்டதாம். மணி மாதிரிக் கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகுமாம்.
"வீட்ல யாரும் சொல்லலயா, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறீங்கன்னு?" — கத்தித்தான் கேட்டார்.
கூப்பிட ஆள் வேண்டுமே டாக்டர் என்றேன். அவர் சிரித்தார். நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.
கருவி வர மூன்று வாரம் ஆகும்.

மார்ச் 15
மகளுக்குக் கடிதம். நான்கு முறை கிழித்தேன். கடைசியில் போனது இவ்வளவுதான்: "நீ தட்டியது எனக்குக் கேட்கவில்லை. காது போய்விட்டது. அம்மாவின் முகமும் உடைந்துவிட்டது. மன்னித்துவிடு."

மார்ச் 19
பதில் இல்லை.

மார்ச் 22
எலெக்ட்ரீஷியன் வந்தார். வாசலில் பெல்லை அமுக்கினால் பட்டறையில் சிவப்பு விளக்கு எரியும்படி வயர் இழுத்துக் கொடுத்தார். மூன்று தடவை சோதித்துப் பார்த்தோம்.

மார்ச் 23
எரியவில்லை.

மார்ச் 24
எரியவில்லை. வெளியே போய் நானே அமுக்கிவிட்டு உள்ளே ஓடி வந்து பார்த்தேன். அதற்குள் அணைந்திருந்தது.

மார்ச் 27
மாலை நாலு பத்துக்கு விளக்கு எரிந்தது.